பட்டியலில் பதினேழாவது பொருள்

தோழிகளே, டிசம்பர் விடுமுறையில் கடற்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்குவோம் என்று போன வாரம் முடிவு செய்தீர்கள். சாமான் பட்டியலை யார் எழுதுவது என்ற கேள்வி வந்ததும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், மற்றவர்கள் வரைந்ததை நாள் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் சரிபார்க்கிறவள், அவளை விட்டால் வேறு யார் என்றீர்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று பேருந்து நிறுத்தம் வரை கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

அதற்குப் பதில் இது. நம்மில் ஒருத்திக்கும் இன்னும் இருபத்தைந்து முடியவில்லை, அதற்குள் பழங்கதையா என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். பட்டியல் தனித்தாளில் இருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கெர்போ ரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே மிளகாய் அரைக்கும் நாள்களில் தும்மிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவேன். துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தங்கை என்று நான்கு பேர். அதற்கு முந்தின ஆண்டு வரை ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆள் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா.

சித்தப்பா ராணுவப் பட்டறையில் மெக்கானிக். பதினான்கு வயதில் கப்பலிலிருந்து இறங்கியவரை அம்மாதான் சோறு போட்டு ஆளாக்கினார். அவருக்குப் பெண் பார்க்கும் வேலையையும் அம்மாவே கையில் எடுத்து, இரண்டு ஜாதகங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அந்தப் பெட்டியை யாரும் திறக்குமுன்பே சித்தப்பா பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார். சித்தியும் தமிழ்தான், இங்கேயே பிறந்தவர்தான், பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் குடும்பம். ஆனால் மாதா கோயிலுக்குப் போகிறவர்.

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. சித்தப்பாவின் துணிமணிகளை மடித்துக் கட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு ஞாயிறுதோறும் சித்தப்பா தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். சித்தி எங்கள் படி ஏறியதே இல்லை. அம்மா அவரைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, முறை சொல்லியும் கூப்பிடவில்லை. பேச்சில் வர நேர்ந்தால் "அந்தப் பொண்ணு" என்பார்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு நாள், வாசலில் ஒரு வண்டி உறுமிற்று. எட்டிப் பார்த்தால் சித்தப்பா. பட்டறையில் கழித்துக் கட்டிய பழைய ராணுவ ஆம்புலன்ஸை ஏலத்தில் எடுத்திருந்தார். நோயாளிகளைப் படுக்க வைக்கும் இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக இருந்தன. அவற்றில் பழைய ராணுவக் கான்வாஸ் கட்டில்களை மாட்டியிருந்தார். பின்பக்கக் கதவில் ஒரு மடக்குப் பலகை, அதைச் சாய்த்தால் சமையல் மேசை. தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு குழாய், ஜன்னலுக்குத் துணி. பக்கவாட்டில் இருந்த சிவப்புச் சிலுவையின் மேல் பச்சைச் சாயம் அடித்திருந்தார். வண்டிக்குள் ஏறிக் குழாயைத் திறந்து திறந்து மூடினேன். அது வரை நான் பார்த்த வீடுகளிலேயே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்த வீடு அதுதான்.

அன்று சாப்பிடும்போது சித்தப்பா சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"வீட்டுக்குள்ள கூப்பிட மாட்டீங்க. சரி அண்ணி. கடலுக்கு யாரும் யாரையும் கூப்பிட வேணாம்லா. நாலு நாள் எல்லாரும் பீச்சுல இருப்போம். அவளப் பாருங்க. பாத்துட்டுப் பொங்கலுக்குக் கூப்பிடறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அம்மா இன்னொரு கரண்டிச் சோறு போட்டார். பிறகு கேட்டார்: "அந்த வண்டியில எத்தன பேர் செத்திருப்பாங்க, தம்பி?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் போவதற்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. தூங்குகிற இடம் எதுவானாலும் அது வீடு, புது வீட்டில் விளக்கேற்றிப் பால் காய்ச்சாமல் பிள்ளைகளைப் படுக்க வைக்க மாட்டேன், அதுவும் இந்த மாதிரி வண்டியில் மாட்டவே மாட்டேன் என்றார். சித்தப்பா விழுந்தடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

பட்டியல் எழுதும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். கிடங்கில் அவர் பயன்படுத்தும் பென்சில் ஒன்றையும் தந்தார். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். பொருள் வண்டியில் ஏறினால் சிவப்பு டிக், திரும்பி வீட்டுக்கு வந்தால் நீல டிக் என்று சொல்லிக் கொடுத்தார். "நீதான் ஸ்டோர் கீப்பர். நீ டிக் போட்டாத்தான் அது போனதா அர்த்தம்." எனக்கு அதைவிடப் பெரிய வேலை அதற்குப் பின்னும் கிடைத்ததில்லை. அரிசி, பம்ப் அடுப்பு, மண்ணெண்ணெய், அரிக்கேன் விளக்கு, கொசுவலை, நான்கு முளைகள், சுத்தியல் என்று நாற்பத்து மூன்று பொருள்கள் எழுதினேன். பதினேழாவது, காமாட்சி விளக்கு. பதினெட்டாவது நல்லெண்ணெய், பத்தொன்பதாவது திரி.

அந்த விளக்கை உங்களில் சிலர் எங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவுப் பித்தளை. அம்மா கல்யாணமாகிக் கப்பல் ஏறும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தது. புறப்பட்ட இடத்திலிருந்து அவரோடு வந்ததில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கிளம்பும் நாள் மத்தியானம் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி, மாடிப்படி முடியும் ஐந்தடி வழி நடைபாதையை ஒட்டி நிறுத்தினார் சித்தப்பா. அன்றுதான் சித்தியை முதன்முதலாக அருகில் பார்த்தேன். ஒல்லி, நீளப் பின்னல், விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்பு. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. அழைக்காத வீட்டின் படியில் கால் வைக்கக் கூடாது என்று இருந்திருப்பார். வண்டிக்குள் நின்று, அப்பாவும் சித்தப்பாவும் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி அடுக்கினார். நான் கடைசிப் படியில் நோட்டோடு உட்கார்ந்து டிக் போட்டேன்.

இப்போது சொல்லப்போவதைப் போன மாதம் வரை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாம் ஏறிவிட்டது, பதினேழு மட்டும் பாக்கி. அண்ணாந்து பார்த்தேன். மாடிப்படியின் உச்சியில், வீட்டுக் கதவுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய விளக்கு. அதைப் பார்த்ததும் டிக் போட்டுவிட்டேன். பார்த்தாகிவிட்டது, இதோ இறங்கப் போகிறது, அப்புறம் என்ன? பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டதைப் பார்க்க எனக்கு அவசரம். உடனே நோட்டை மூடி, அப்பாவிடம் காட்ட ஓடிவிட்டேன். ஓடும்போது வண்டிக்குள்ளிருந்து சித்தி கேட்டார்.

"விளக்கு ஏறிடுச்சாம்மா?"

"ஏறிடுச்சு சித்தி. டிக் போட்டாச்சு."

சாங்கி ரோட்டில் பத்தாவது மைல், நம் பேச்சில் பத்தாங்கட்டை, அதைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் திரும்பினோம். மணல் தெரிந்ததும் சித்தப்பா வண்டியை நேராகக் கடல் அருகே கொண்டுபோனார். பக்கத்துக் கம்பத்துக் குடிசை ஒன்றிலிருந்து ஒரு மலாய் மாது வந்து, இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்தார். பிறகு மணலில் காய்ந்த கடற்பாசி கோடாகக் கிடந்த இடத்தைக் காலால் தொட்டுக் காட்டி, "சினி ஆயர் நாயிக்" என்றார். தண்ணீர் இது வரை ஏறும் என்று அர்த்தம். எல்லாவற்றையும் அளந்து செய்யும் சித்தப்பா அதை அளக்கவில்லை. வண்டியைப் பத்தடி பின்னால் எடுத்தார். மக்சிக் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த அம்மாள் அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்து, நாங்கள் இன்னும் அடித்துக்கொண்டு போகப்படவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு தேங்காயைக் கொடுத்துவிட்டுப் போவார்.

கூடாரம் சித்தி தைத்தது. லாரியின் மேல் போர்த்தும் பழைய தார்ப்பாய்களை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, வண்டியின் பின்கதவோடு சேர்த்துக் கட்டும்படி செய்திருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் அதில் படுப்பது, பெண்பிள்ளைகள் வண்டிக்குள் படுப்பது என்று ஏற்பாடு. முளை அடித்து முடித்தபோது வானம் சிவந்து, கடலுக்கு மேல் ஒரு பக்கம் கறுத்திருந்தது. அம்மா முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, மத்தியானம் வாங்கி ஈரத்துணி சுற்றி வைத்திருந்த பால் பாட்டிலை எடுத்தார். பிறகு விளக்கைக் கேட்டார்.

சித்தி அரிசிப் பெட்டியைத் திறந்தார், மூடினார். பாத்திரக் கூடையைப் பார்த்தார். துணி மூட்டையை அவிழ்த்தார். நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். சித்தியின் கைகள் மெதுவாகி நின்றன. ஒரு கணம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை.

"புக்கப் பாரு" என்றார் அப்பா.

நோட்டைக் கொடுத்தேன். அப்பா விரலை வைத்துக் கீழே இறங்கினார். பதினேழில் நின்றார். "ஏறியிருக்கே. டிக் இருக்கு." அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது.

அம்மா சித்தியிடம் பேசவில்லை. கடலைப் பார்த்துச் சொன்னார்: "அருமை தெரிஞ்ச கையா இருந்தா தவற விட்டிருக்காது."

சித்தப்பா சுத்தியலைக் கீழே போட்டார். "அண்ணி, வேணும்னு செஞ்ச மாதிரி பேசாதீங்க."

சித்தி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "என் தப்புதான் அக்கா. நான் ஒரு தடவ பாத்திருக்கணும்."

இல்லை, அது ஏறுமுன்பே நான்தான் டிக் போட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஆறு சொல்தான். நோட்டு அப்பா கையில் இருந்தது. நான் ஸ்டோர் கீப்பர். சொல்லவில்லை.

விளக்கில்லாமல் பிள்ளைகளை வண்டியில் படுக்க வைக்க முடியாது என்று அம்மா ஒரு மரத்தடியில் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மழைக்காற்று வந்தது. அப்பா ஏதோ சொல்லிப் பார்த்தார், அரிக்கேன் விளக்கும் விளக்குதானே என்றார், அம்மா பார்த்த பார்வையில் பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

சித்தி புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிளிஞ்சல் இருந்தது. கை அகலம், உட்புறம் வெள்ளை, விளிம்பில் ஊதா. அதைத் தொட்டித் தண்ணீரில் மூன்று முறை கழுவினார். பலகையில் மணலைக் குவித்து அதன் மேல் நிலையாக உட்கார வைத்தார். எண்ணெயையும் திரியையும் தீப்பெட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எட்ட வந்து நின்றார்.

"கிளிஞ்சல மட்டும்தான் நான் தொட்டேன் அக்கா. எண்ணெய் நீங்களே ஊத்தி ஏத்துங்க."

முதல் தூறல் விழும் வரை அம்மா அசையவில்லை. பிறகு எழுந்து போய்த் திரியைப் போட்டார். காற்றுக்கு மறைவாகச் சித்தப்பாவும் அப்பாவும் ஆளுக்கொரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிளிஞ்சலில் சுடர் நின்றது. பால் பொங்கியது. அம்மா எல்லாருக்கும் கையில் கொடுத்தார். சித்தியின் தம்ளரைப் பலகையின் மேல் வைத்தார். சித்தி அதை எடுத்துக் குடித்தார்.

மீதி நாள்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். அந்தக் கடற்கரையில் குழந்தையாக இருப்பது எவ்வளவு நல்ல காரியம் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் வடிந்ததும் ஒரு மைல் தூரத்துக்குச் சேறு பளபளக்கும். அதில் சிறு துளைகளைப் பார்த்துத் தோண்டினால் சிப்பி கிடைக்கும். தூரத்தில் மீன் பிடிக்கும் கேலோங் குடில், தண்ணீரின் மேல் குச்சிக் கால்களில் நிற்கும். காற்று திரும்பினால் கம்பத்தில் காயும் நெத்திலியின் வாடை. கான்வாஸ் கட்டிலில் படுத்தால் முதுகுக்குக் கீழே தொட்டில் மாதிரி குழியும். மேல் கட்டிலின் அடியில் யாரோ ஒரு சிப்பாய் பென்சிலால் கோடு கோடாக நாள்களைக் குறித்திருந்தான். பதினொரு கோடுகள். ஒருவேளை பன்னிரண்டாவது நாள் வீட்டுக்குப் போயிருப்பான் என்று தங்கையிடம் சொன்னேன்.

உச்சிவெயிலில் வண்டியின் பச்சைச் சாயத்துக்கு அடியில் பழைய சிலுவை மங்கலாகத் தெரியும். அது மருத்துவக் குறி, சாமிக் குறி இல்லை என்று சித்தப்பா பலமுறை சொன்னார். அம்மா அந்தப் பக்கம் உட்காருவதில்லை. சித்தி மாலையில் அந்தப் பக்கம்தான் போவார். புடவை மடிப்புக்குள் ஜெபமாலையை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுப்பார். ஒரு முறை அம்மா துவைத்த துணிகளோடு அங்கே போனவர், அவரைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி வந்து, வெயிலே படாத இந்தப் பக்கத்துக் கொடியில் துணிகளைப் போட்டார். கோபம் என்று அன்று நினைத்தேன். கோபமாக இருந்தால் அம்மா சத்தமில்லாமல் திரும்பியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா தினமும் சாயங்காலம் அந்தக் கிளிஞ்சலைத்தான் ஏற்றினார். சித்தி தினமும் அதைக் கழுவி வைத்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு வாயில் உப்பு கரித்துக்கொண்டே இருந்தது. சித்தி என்னிடம் மட்டும் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்து, மணலை ஊதி ஊதி எடுத்துப் பின்னிவிட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று புரட்டி எடுத்தது. முளைகளில் இரண்டு பிடுங்கிக்கொண்டன. சித்தி கூடாரக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். மழை முகத்தில் அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே நாங்கள் ஐந்து பேரும் சோற்றுப் பானையும் நனையாமல் இருந்தோம். மழை விட்டதும் அம்மா கூடாரத்தின் தையலைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார்.

"தையல் பிரியல" என்றார். யாரிடம் என்று இல்லை. சித்தி கயிற்றுத் தழும்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

நான்காம் நாள் திரும்பினோம். வீட்டு வாசலில் சாமானை இறக்கிவிட்டுச் சித்தப்பா எஞ்சினை நிறுத்தாமலே அப்பாவிடம் சொன்னார்: "பொங்கலுக்கு நாங்க வரலண்ணே. யாரும் சங்கடப்பட வேணாம்." சித்தி வண்டிக்குள்ளிருந்து எனக்குக் கையசைத்தார். அப்பா தலையாட்டினார். அவருக்குத் தம்பியை இழுத்து நிறுத்தவும் தெரியவில்லை, மனைவியைக் கேட்கவும் தெரியவில்லை.

அம்மா சாவியோடு முதலில் படி ஏறினார். பின்னால் நான். எங்கள் வீட்டுக் கதவு பழைய இரட்டைக் கதவு. ஒரு கையால் பலகையை இழுத்துப் பிடித்தால்தான் மறு கையால் பூட்ட முடியும். கதவுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில் மின்சார மீட்டர் பெட்டி. அம்மா பூட்டில் சாவியை விட்டவர் அப்படியே நின்றார். மீட்டர் பெட்டியின் மேல் மஞ்சள் துணி மூட்டை இருந்தது. நாலு நாள் மாவுத் தூசு அதன் மேல் படிந்திருந்தது.

அம்மா அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். நான் மூன்று படி கீழே நின்றேன். அவர் மறுபடி பூட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவு திறந்தது. உள்ளே போய்ச் சாமான்களுக்கு நீல டிக் போட்டேன். பதினேழுக்குப் போடவில்லை. விளக்கு கிடைத்துவிட்டது என்று அம்மா அப்பாவிடம் சொல்வார் என்று இரவு வரை காத்திருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் சாமி அலமாரியில் கிளிஞ்சல் இருந்தது. அம்மா எப்போது மடியில் கட்டிக்கொண்டு வந்தார் என்று தெரியாது. முருகன் படத்துக்கு முன்னால் அதில் எண்ணெய் ஊற்றி ஏற்றினார். பித்தளை விளக்கு பெட்டிக்குள், ஜாதகங்கள் இருந்த இடத்தில் இருந்தது. நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கிளிஞ்சல்தான் எரிந்தது. அப்பா ஒரு நாள், தேக்காச் சந்தையில் புது விளக்கு வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இது போதும் என்றார் அம்மா.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அம்மா வெள்ளைப் புடவையில் சிவப்புக் கரை போட்டதை உடுத்திக்கொண்டு, என்னை அழைத்துக்கொண்டு டிராலி பஸ் ஏறினார். தனியாக அவர் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. கேலாங்கில் ஒரு பலகை வீட்டின் பின் அறையில் சித்தி தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்த மறந்துவிட்டார், ஊசி துணியில்லாமலே ஓடியது. அம்மா தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து நீட்டினார். மூத்தவர் இளையவர் வீடு தேடிப் போய் அழைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. சித்தி குங்குமத்தைப் பார்த்துத் தயங்கினார். அம்மா அதைப் புரிந்துகொண்டு தட்டிலிருந்து வெற்றிலையை மட்டும் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"பொங்கலுக்கு வந்துடுங்க. ரெண்டு பேரும்."

விளக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

பொங்கலன்று சித்தி எங்கள் படி ஏறினார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்தவர் சாமி அலமாரியைப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்த காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் கிளிஞ்சலும். பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் அவருக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது. அப்பா வாய் திறந்து ஏதோ கேட்கப் போனார், அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். சித்தப்பா சித்தியைப் பார்த்தார். அடுப்பில் பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, திரி பெருசா இருக்கு. பொகையுது" என்றார் சித்தி.

"நீயே தூண்டி விடேன்" என்றார் அம்மா.

அவ்வளவுதான் நடந்தது. அதன் பிறகு சித்தி வந்தார், போனார், இரண்டு பிள்ளை பெற்றார். இப்போது சித்தியின் தைரியத்தில்தான் அம்மா பல் டாக்டரிடமே போகிறார்.

போன மாதம் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்து, பெட்டிகளைக் காலி செய்தோம். அம்மாவின் பெட்டிக்குள், ஜாதகங்களுக்கும் கீழே, என் நோட்டு கிடந்தது. வண்டி எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கூடாரம் கிழிந்து, பிறகு மில்காரரின் மூட்டைகளுக்குப் போர்வையாயிற்று. கிளிஞ்சலை ஒரு வெள்ளிக்கிழமை தங்கை கைதவறி உடைத்தாள், அன்று அம்மா சாப்பிடவில்லை. நோட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. பதினேழாவது வரியின் சிவப்பு டிக் கொஞ்சம்கூட மங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு வரைபடத்தில் டிக் போடுமுன் நான் ஏன் மூன்று முறை அளக்கிறேன் என்று கேலி செய்கிறார்கள். அவர்களிடம் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு சித்தியிடம் போனேன்.

சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். ஒரே மூச்சில், கீழே பார்த்துக்கொண்டே.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "வண்டிக்குள்ளேர்ந்து மாடிப்படி நேரா தெரிஞ்சுது. அக்கா வெறுங்கையோட எறங்கி வந்தாங்க. முன்னாடியே ஏத்திட்டாங்கபோலன்னு நெனச்சேன், நீயும் ஏறிடுச்சுன்னு சொன்ன. பீச்சுல மூட்டைய அவுக்கும்போதே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சித்தி சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்? மொத நாளே 'நீங்கதான் மறந்தீங்க அக்கா'ன்னு சொல்லிட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் படி ஏறுறது? இல்லன்னா ஒம்போது வயசுப் புள்ளையக் காட்டிக் கொடுக்கணும்." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். "அக்காவுக்கும் தெரியும். மீட்டர் பெட்டி மேல இருந்தது வண்டியில ஏறியிருக்க முடியுமா? நீ பொய்யா டிக் போட்டேன்னு அவங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்லா."

நான் இதை யோசித்ததே இல்லை. வரைபடத்தில் கால் அங்குலப் பிழையைக் கண்டுபிடிக்கிறவளுக்கு, பதினான்கு ஆண்டுகளாக இது தோன்றவில்லை.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நாற்பத்து மூன்றாவது வரியோடு நிற்காமல் பக்கத்தைத் திருப்பினார். நான் திருப்பியதில்லை. என் பட்டியல் அங்கே முடிந்துவிட்டது.

"இது உன் எழுத்து இல்லையே" என்றார்.

பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு வரி. அம்மா என்னோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றவர். 'ஞ'வுக்கு எப்போதும் ஒரு சுழி கூடப் போடுவார். பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தார்: 44. கிளிஞ்சல் – 1.

அதற்கு எதிரே சிவப்பு டிக் இல்லை. நீலம் மட்டும் இருந்தது.